வீட்டு ரூட்டரில் தோட்டத்துப் படங்கள்

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. லயத்தில் கூடி வாழ்ந்தவர்கள் ஈப்போ, கோலாலம்பூர் என்று பிரிந்து போனார்கள். மிஞ்சியவை பழைய படங்கள்தாம்.

அவற்றை உறவினர் பகிர்ந்துகொள்ள ஒரு வழி உண்டு. யூஎஸ்பி வசதியுள்ள ரூட்டரில் வன்தட்டைச் செருகி, அமைப்புப் பக்கத்தில் எஃப்டிபி சேவையை இயக்கலாம். 1971இல் இம்முறையை எழுதியவர் இந்தியாவில் பிறந்த அபய் பூஷண்.

ஆனால் எச்சரிக்கை! எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பும். இடையில் இருப்பவர் படித்துவிடலாம். ஆகவே அதை வீட்டுக்குள் மட்டும் வையுங்கள். பெயரில்லா நுழைவை மூடுங்கள். வெளியூர் உறவினருக்கு விபிஎன் வழியே திறந்துவிடுங்கள்.

இன்னொரு வன்தட்டிலும் பிரதி இருக்கட்டும். தட்டு பழுதானால் படங்களும் போய்விடும். தோட்டம் திரும்பாது, அதன் முகமாவது பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.