நெடுநாட் சுவாச நோயும் தசையின் பலமும்



தாம்பரத்தில் 1928-ஆம் வருஷம் டாக்டர் டேவிட் சௌரி முத்து க்ஷயரோகிகளுக்கென ஸ்தாபித்த சானடோரியத்தின் பெயரை ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது. ஓய்வும் நற்காற்றும் போஷாக்குமே அக்காலத்து மருந்து. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியோ, ஒழுங்காய் மருந்துண்போர் எளிய உணவுடன் வீட்டிலிருந்தும் ஏறக்குறைய அவ்வாறே குணமடைவரெனக் காட்டிற்று.

ஆயினும் ஓய்வே மருந்தென்னும் எண்ணம் நம் இல்லங்களை விட்டு நீங்கிற்றிலது. புகையினால் நெடுநாட் சுவாச அடைப்புற்ற பெரியோரை, மூச்சிரைக்குமென அஞ்சி நாற்காலியில் இருத்திவிடுகின்றோம். இருக்க இருக்கத் தொடைத்தசை கரைகின்றது. தசை கரையக் கரைய, நாலடி நடப்பினும் இளைப்பு மிகுகின்றது. அன்பினால் நாமே இத்தீங்கிழைக்கின்றோம். வைத்தியர் அளவறிந்து விதிக்கும் நடையும், காலுக்குரிய பயிற்சியுமே இதற்குப் பரிகாரம்.

தசையைக் காக்குமென்று ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை தேடுவாரும் உளர். விலை மிகுந்ததே சிறந்ததென்பது நம்மவர் வழக்கமன்றோ! பின்லாந்தில் புகைபிடிப்போரிடை நிகழ்ந்து 1994-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், பீட்டா-கரோட்டின் மாத்திரை உண்டோர்க்கு நுரையீரற் புற்றுநோய் மிகுந்ததேயன்றிக் குறைந்திலது. கீரை, நெல்லி, கொய்யா ஆகியவற்றை உணவாகக் கொள்ளலாம். மாத்திரைக்கு ஈயும் பணம் முட்டைக்கும் பருப்புக்கும் மீனுக்கும் ஆகுக.