தலைப்பிரசவம் என்று ஏன் தனிப்பெயர்?



நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, வீட்டில் பெறுவதே சுகம், வலி என்பது மனப்பழக்கம் என்று பேசிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். தம்பிக்குத் தெரிந்த இடுப்பு வலி, மதுரையிலிருந்து பைக்கில் வந்ததால் வந்தது. அது கிடக்கட்டும். ‘முதல் பிரசவத்துக்கு ஏற்ற இடம் வீடா, மருத்துவமனையா?’ என்பது நமக்குக் கொடுத்த தலைப்பு. தம்பி பிரசவத்தைப் பற்றிப் பேசினார், வீட்டைப் பற்றிப் பேசினார், மருத்துவமனையை வெளுத்து வாங்கினார். ‘முதல்’ என்ற சொல்லை மட்டும் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாட்டைப்போலத் தொடாமல் விட்டுவிட்டார். நான் அந்த மாட்டின் கயிற்றைத்தான் பிடிக்கப்போகிறேன்.

நம் மொழியில் இரண்டாவது பிரசவத்துக்குப் பெயர் உண்டா? மூன்றாவதுக்கு? எண்தான் உண்டு. முதலாவதுக்கு மட்டும் தலைப்பிரசவம் என்று தனிப்பெயர். அந்தப் பிள்ளைக்குத் தலைச்சன் என்று தனிப்பெயர். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, கலவைச் சாதம் கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். ஏன்? மாமியார் வீட்டில் கூரை இல்லையா, பாய் இல்லையா? இருந்தது. இந்தப் பெண்ணின் உடம்பு இந்த வலியை எப்படித் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத காரியத்தை, அவளைப் பெற்றவளும் பத்துப் பிரசவம் பார்த்த கைகளும் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இருந்த இடத்திலேயே பெறுவது நம் மரபு இல்லை, தம்பி. தலைப்பிரசவத்துக்கு இடத்தை மாற்றுவதுதான் மரபு. அந்தத் தெரிந்த கைகள் இன்று எங்கே இருக்கின்றன என்பது ஒன்றுதான் கேள்வி.

எதிரணித் தோழி தாயுமானவரைத் துணைக்கு அழைத்தார். நல்லது, நானும் அழைக்கிறேன். திருச்சியில் இரத்தினாவதிக்குப் பேறுகாலம். தாய் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம், அக்கரையில் நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு வலி. ஈசனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார். ‘பார்த்தீர்களா, பிரசவம் வீட்டில்தான் நடந்தது’ என்றார் தோழி. அம்மா, அந்தக் கதையை இன்னொரு முறை கேளுங்கள். உதவிக்கு வர வேண்டியவள் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் கதை! வழி அடைபட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் கதை. அந்தப் பயம் எவ்வளவு பெரிதென்றால், அதைத் தீர்க்க மலைக்கோட்டையிலிருந்து கடவுளே இறங்கி வர வேண்டியிருந்தது. நமக்கு 108 வருகிறது, அதுவும் ரயில்வே கேட் திறந்திருந்தால்.

அடுத்து, ‘நம் பாட்டிமார்கள் எல்லாரும் வீட்டில்தானே பெற்றார்கள்?’ பெற்றார்கள். எங்கள் அப்பாயி பதினொன்று பெற்றவள். கேட்டால் ஒரே வரியில் சொல்வாள்: “பெத்தது பதினொண்ணு, தங்குனது ஆறு.” புளி, மிளகாய்க் கணக்குச் சொல்லும் அதே குரலில் சொல்வாள். தலைச்சனைப் பற்றி ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தாள். ரெண்டு நாள் வலி. பிறந்தபோது நீலம் பாரித்திருந்தது, அழவில்லை. மருத்துவச்சி கெட்டிக்காரிதான். அவளிடம் இருந்தது கையும் வெந்நீரும் தைரியமும். மூன்றும் தீர்ந்த பிறகு அவளும் கூடத்தில் உட்கார்ந்து அழுதாளாம்.

இதற்கு ஊருக்கு ஊர் சாட்சி நிற்கிறது, நடுவர் அவர்களே. பழைய பாதைகளின் ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்களே, சுமைதாங்கிக் கல், அது யார் நினைவாக வைப்பது என்று இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனவளுக்கு. இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமைக்காக, வழிப்போக்கன் தன் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். பெற்றுப் பிழைத்த பாட்டிகளைத்தான் நாம் வீட்டில் பார்க்கிறோம், அவர்களை வைத்துத்தான் பாரம்பரியம் பேசுகிறோம். பிழைக்காதவர்கள் ரோட்டோரம் கல்லாக நிற்கிறார்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது அதையும் பெயர்த்துப் போட்டுவிடுகிறோம்.

சரி, வெளிநாட்டுக்கு வருவோம். ‘இங்கிலாந்தில் வீட்டிலேயே பெறுகிறார்கள், அரசாங்கமே ஆள் அனுப்புகிறது’ என்றார் தம்பி. அனுப்புகிறது. அந்த ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2008 முதல் 2010 வரை அங்கே ஓர் ஆய்வு நடந்தது. எந்தச் சிக்கலும் எதிர்பார்க்கப்படாத, ஆரோக்கியமான 64,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்துக்கு வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்களின் குழந்தைகளுக்கு, மருத்துவமனையைவிடக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. வீட்டில் பெற்ற தாய்மார்களுக்குக் கத்தியும் ஊசியும் குறைவாகவே தேவைப்பட்டன. இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி எழுந்து சொல்லிவிடுவார்.

ஆனால் முதல் பிரசவம்? மருத்துவமனையில் பெறத் திட்டமிட்டவர்களில், குழந்தை இறந்துபோவது, மூளை பாதிக்கப்படுவது போன்ற கடுமையான விளைவுகள் ஆயிரத்துக்கு 5.3. வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களில் ஆயிரத்துக்கு 9.3. அதோடு, வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேரை, வலியின் நடுவிலோ பெற்ற கையோடோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே பெற்றவர்களில் அப்படி மாற்றப்பட்டவர்கள் நூற்றுக்கு 12 பேர்தான். நூற்றுக்கு 45 என்றால் அதற்கு வீட்டுப் பிரசவம் என்று பெயரா, நடுவர் அவர்களே? கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது நடுவழிப் பயணம்.

‘ஆயிரத்தில் நாலுதானே கூடுதல், 990 பேருக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பீர்கள். ஆகவில்லைதான், மறைக்க மாட்டேன். அந்த நாலில் நாம் இருக்கமாட்டோம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. இடுப்பெலும்பு ஒரு தலைக்கு வழிவிட்டிருக்கிறது, கர்ப்பப்பை ஒருமுறை சுருங்கிக் காட்டியிருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு முன்கதை கிடையாது. வலி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம். இரத்த அழுத்தம் ஏறி வரும் ஜன்னியும் தலைப்பிள்ளைக்காரிகளுக்கே அதிகம். ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்று எழுதியிருப்பது அன்றைய செய்தி. வலி வந்த இரவுக்கு அது உத்தரவாதம் இல்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில் வீட்டுக்கு வரும் மருத்துவச்சி பல வருடம் படித்துப் பதிவு பெற்றவர். பையில் ஊசி மருந்தும், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவியும் இருக்கும். அப்படி இருந்தும் அந்தக் கணக்கு. நம் ஊரில் வீட்டுப் பிரசவம் என்று கிளம்புகிறவர்கள் வீட்டுக்கு யார் வருகிறார்? யூடியூப். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க யாராவது உதவ வேண்டியிருக்கிறது. முதல் ஒரு நிமிடம்தான் கெடு. அந்த நிமிடத்தில் வீடியோ திறந்தால், ஐந்து நொடி விளம்பரம் முடிந்துதான் தள்ளிவிடும் பொத்தானே வரும். சிரிக்கிறீர்கள். எனக்கும் வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

2018 ஜூலையில் திருப்பூரில் நடந்ததை இந்த மேடையில் கைதட்டலுக்காகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும். வீட்டில் பெற்று, இரத்தப்போக்கில் போன அந்தப் பெண்ணுக்கு அது முதல் பிரசவம்கூட இல்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் கர்ப்பப்பை தேங்காய் மாதிரி இறுகி அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். அது தளர்ந்து கிடந்தால், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வருவதற்குள் பாய் நனைந்துவிடும். குழந்தை பிறந்த நிமிடமே போடும் ஆக்சிடோசின் ஊசி இதைப் பெரும்பாலும் தடுக்கிறது. விலை அதிகமில்லை. ஆனால் அது குளிரிலேயே இருக்க வேண்டும், போடத் தெரிந்த கை வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் அடுத்தது என்ன என்று தெரிந்தவர் வேண்டும். அஞ்சறைப் பெட்டியில் வைக்கிற சாமான் இல்லை அது.

2001-03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் 54. மருத்துவமனை ஒன்றினால் மட்டும் இது குறையவில்லை. படிப்பு, சாலை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் சேர்ந்துதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கும் செவிலியர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

இப்போது எதிரணியின் உண்மையான ஆயுதத்துக்கு வருகிறேன். அவர்கள் வீட்டை நேசிப்பதால் மட்டும் வீட்டைக் கேட்கவில்லை. மருத்துவமனையை வெறுப்பதால் கேட்கிறார்கள். அந்த வெறுப்பு எனக்குப் புரியும். என் தலைப்பிரசவத்தின்போது வலியில் கத்தியதற்கு ஒருவர் என் தொடையில் அடித்தார். அவர் சொன்ன வார்த்தையை இந்த மேடையில் சொல்ல முடியாது. இங்கிருக்கும் பெண்களில் பாதிப் பேருக்குச் சொல்லவும் தேவையில்லை. முப்பது வருடமாகியும் அந்த முகம் மறக்கவில்லை. சிசேரியன் கணக்கும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவை சிகிச்சை. தனியாரில் மட்டும் பார்த்தால் 64, அரசு மருத்துவமனைகளில் 36. நம் பெண்களில் பாதிப் பேருக்கு இடுப்பு சுருங்கிவிட்டதா என்ன? நல்ல நாள், நல்ல நட்சத்திரம் கேட்கும் மாமனாருக்கும் இதில் பங்கு உண்டு, பொறுமை இல்லாத மருத்துவருக்கும் பங்கு உண்டு.

ஆனால் சோறு குழைந்துவிட்டதென்று அடுப்பை இடிப்பார்களா? கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் தாயை அவசரப்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் எழுதிவிட்டது. எழுந்து நடக்கலாம், குந்தலாம், விரும்பிய வாக்கில் பெறலாம் என்றும் சொல்லிவிட்டது. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளப் பல ஆண்டுகளாகவே வழி இருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு. வீட்டில் கிடைக்கும் என்று நீங்கள் சொல்லும் அம்மாவின் கையையும், மரியாதையையும், பொறுமையையும் அங்கே கொண்டுவரச் சண்டை போடுவோம். நானும் வருகிறேன். ஆனால் அங்கே இருக்கிற இரத்தத்தையும் ஊசியையும் உங்கள் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர முடியாது, தம்பி.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, முடிக்கிறேன். தலைப்பிரசவத்துக்கு ஏற்ற இடம் மருத்துவமனைதான். இங்கே வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் மகளுக்கும், அவளுடைய அம்மாவுக்கும் ஒரு வேண்டுகோள். வளைகாப்பு முடிந்து ஊருக்கு அழைத்துப் போகும் காரை, வீட்டு வாசலுக்குப் போகும் முன் நீங்கள் பிரசவத்துக்குப் போகப்போகிற மருத்துவமனை வாசலில் ஒரு பத்து நிமிடம் நிறுத்துங்கள். உள்ளே போய்ப் பிரசவ அறையைப் பாருங்கள். இரவுப் பணியில் யார் இருப்பார், இரத்தம் எங்கிருந்து வரும், கூட அம்மா நிற்கலாமா என்று மூன்றையும் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு அப்புறம் வீட்டுக்குப் போங்கள்.