கண் காணாச் சந்தையிற் கொள்முதல்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். எழுவான்கரைக் கடைகளிலிருந்து படுவான்கரைக்குச் சரக்குச் செல்வதும், அங்கிருந்து நெல்லும் தயிரும் வருவதும் நெடுநாள் வழக்கம். முன்னாளிற் படகிற் கடந்த சரக்கு, 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் லொறியிற் செல்கின்றது. ஆயினும் கொள்முதலின் முறை மட்டும் நெடுங்காலம் மாறாதிருந்தது. 1928 இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்த பின்னர், வணிகர் இரவு வண்டியேறிக் கொழும்புப் புறக்கோட்டைக்குச் சென்று, துணியை விரலால் நெருடிப் பார்த்து, விற்பவரின் முகத்தையும் பார்த்து, தவணைக்குச் சரக்கெடுத்துத் திரும்புவர். சரக்குப் பழுதென்றால் அடுத்த பயணத்தில் அதே கடை வாயிலில் நின்று கேட்கலாம்.

இன்று அந்த வாயில் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. சீனத்துத் தொழிற்சாலைப் பொருளை ஆரையம்பதியிலிருந்தவாறே விலை பேசலாம். புறக்கோட்டையில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பொருள், இணையச் சந்தையில் நானூறு ரூபாய்க்குத் தோன்றுகின்றது. இதனைக் கண்ட இளைஞர் சிலர், மனைவியின் காப்பை அடகு வைத்தும், சீட்டை முன்கூட்டி எடுத்தும் முதல் தேடுகின்றனர். ஆதலின், எச்சந்தையிற் கொள்வது என்னும் வினா வெறும் வணிக வினாவன்று. ஒரு குடும்பத்தின் கைப்பொருளைப் பற்றிய வினாவாகும்.

சந்தைகள் பல, அவற்றின் இயல்பும் வேறு வேறு. 1999 இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் ஜாக் மாவும் தோழர்களும் தொடங்கிய அலிபாபா, வெளிநாட்டு வணிகருக்கு மொத்தமாக விற்போரைக் காட்டுவது. அதே குழுமத்தின் 1688 என்னும் தளம் சீனத்து உள்நாட்டு வணிகருக்கானது. அவ்வெண்களைச் சீன மொழியிற் சொன்னால் அலிபாபா என்னும் ஓசைக்கு அண்மையில் வருமாம், பெயர்க்காரணம் அவ்வளவே. அங்கு விலை பெரும்பாலும் குறைவு. ஆனால் மொழி சீனம், நாணயம் யுவான். பொருளைச் சரிபார்த்துக் கப்பலேற்ற அங்கேயே ஒரு முகவர் வேண்டும். அவருக்குக் கூலியும் வேண்டும். அலிஎக்ஸ்பிரஸ் சில்லறைச் சந்தை. மாதிரி பார்க்க உதவலாம், மறுவிற்பனைக்கு ஏற்றதன்று. இந்தியாவில் 1996 இல் தோன்றிய இந்தியாமார்ட் பெரிதும் வணிகரை அறிமுகம் செய்யும் ஏடு போன்றது. அறிமுகத்துக்குப் பின்னுள்ள பேரத்தை இருவருமே தாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். இரவில் வாவியில் மீனும் இறாலும் பிடிப்போர் தலையிற் கட்டும் மின்விளக்கை ஒரு கடைக்காரர் வரவழைக்க விரும்புகின்றார். விளக்கொன்று ஒன்றரை டொலர். குறைந்த அளவு ஐந்நூறு. கணக்கிற்கு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால், விளக்கின் விலை 450 ரூபாய். அவர் கண் இந்த எண்ணிலேயே நின்றுவிடுகின்றது. கப்பற் கூலிக்கும் காப்புறுதிக்கும் 150 டொலர் சேர்ப்போம். மொத்தம் 900 டொலர், அதாவது 270,000 ரூபாய். சுங்கவரி விதிக்கப்படுவது, கூலியும் காப்புறுதியும் சேர்ந்த இத்தொகையின் மீதே. அதன்மேற் பெறுமதி சேர் வரி வருகின்றது; 2024 ஜனவரியில் அது 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வரிகளுக்கும், சுங்கத்தில் விடுவிக்கும் முகவருக்கும், கொழும்பிலிருந்து வரும் லொறிக்குமாக 150,000 ரூபாய் என்று கொண்டால், மொத்தச் செலவு 420,000. விளக்கு 840 ரூபாயாகின்றது. ஐம்பது விளக்கு எரியாதவை எனின், எஞ்சியவற்றின் அடக்கவிலை 933 ரூபாய். புறக்கோட்டையில் அதே விளக்கு 950 ரூபாய்க்குக் கிடைக்குமாயின், மூன்று மாதம் முதலை முடக்கியதன் பயன் விளக்கொன்றுக்குப் பதினேழு ரூபாய்! அங்கோ இருபது விளக்கும் எடுக்கலாம். அறிமுகமானவர்க்குத் தவணையும் உண்டு.

அடுத்தது நம்பிக்கை. விற்பவரின் பெயரருகே பொன்னிறப் பட்டயம் ஒன்று மின்னும். அது பெரும்பாலும் ஆண்டுச் சந்தா செலுத்தியவர் என்பதைக் காட்டுமேயன்றிச் சரக்கின் தரத்தைக் காட்டாது. மூன்றாம் தரப்பார் நேரிற் சென்று தொழிற்சாலையைப் பார்த்த சான்று உண்டா என்பதையே வினவ வேண்டும். அலிபாபாவில் வணிக உறுதி என்னும் ஏற்பாட்டின் வழியே பணம் செலுத்தினால், சரக்குப் பிழைத்தபோது முறையிட இடமுண்டு. "சந்தைக்கு வெளியே அனுப்புங்கள், விலை குறைப்போம்" என்பவரின் சொல்லைக் கேட்டு வேறு கணக்கிற்கு அனுப்பினால் அவ்வுரிமை போய்விடும். பேரம் முடிந்த பின், வங்கிக் கணக்கு மாறிவிட்டதென்று மின்னஞ்சல் வருதலும் உண்டு. அது பெரும்பாலும் இடையிற் புகுந்த திருடன் எழுதியதே. முன்னர் பேசிய எண்ணுக்கு அழைத்துக் கேளாமற் சல்லியும் அனுப்பலாகாது.

சந்தையில் விற்பதெல்லாம் நாட்டுக்குள் வரலாம் என்பதும் இல்லை. தங்கூசி வலை அங்கு மலிவு, இலங்கையிலோ தடை. அவ்வலை மூன்று பருவம் மலிவாக மீன் தரும். பின்னர் வாவியிற் குஞ்சும் இராது. செருகியுள்ள மின்பொருளாயின், இலங்கைக்குரிய 13 அம்பியர் சதுரமுனைச் செருகிதானா என்று பார்க்க வேண்டும். லிதியம் மின்கலம் உள்ள விளக்கை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டிய பொருளா என்பதையும் பணம் அனுப்புமுன் அறிய வேண்டும். சரக்குத் துறைமுகத்தில் நிற்கும்போது அறிந்தால் வாடகை நாளுக்கு நாள் ஏறும்.

2022 ஐ எவரும் மறந்திருக்க மாட்டார். மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த மதிப்பு, மே நடுவில் 360 ஐ எட்டியது. முற்பணம் மட்டும் செலுத்தி, மீதியைக் கப்பலேறும்போது தருவதாக ஒப்பியவர்க்கு அந்த மீதியே முழு விலையளவாயிற்று. பின்னர் பல பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டுப் படிப்படியாகவே மீண்டும் திறக்கப்பட்டது.

எனவே முதன்முறை வாங்குபவர் புறக்கோட்டை விலையை முதலிற் கேட்டறிதல் நன்று. இரண்டு மூன்று கடைக்காரர் ஒன்றுகூடி ஒரே சரக்கை வரவழைத்தால், கூலியும் முகவர் செலவும் பங்காகும். அப்போது அலிபாபா பயன்தரும். 1688 இன் மலிவை, நம்பத்தகுந்த முகவர் கிடைக்கும்வரை ஒத்திவைக்கலாம். எதுவாயினும் மாதிரி வரவழைக்காமல் ஐந்நூறுக்கு எழுதுதல் சூதாட்டம்.

மாதிரி விளக்கு மூன்று வந்ததும், அவற்றைக் கடை மேசையில் ஏற்றி அழகு பார்த்துப் பயனில்லை. வாவிக்குப் போகும் மூவரிடம் கொடுத்து ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும். உவர்நீர் உட்புகுந்ததா, விடியும்வரை எரிந்ததா, கட்டும் பட்டி நெற்றியை அறுத்ததா என்பதை அவர்களே சொல்வர். வாரம் கழிந்தும் விளக்கைத் திருப்பித் தாராமல் அதன் விலையைக் கேட்பார்களாயின், அப்பொழுது ஐந்நூறுக்கு எழுதலாம்.