பிரேக் தட்டு ஒழுங்கின்றித் தேய்வது ஏன்?

(தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரை)

 

தோட்டங்களில் பல குடும்பங்கள் இன்று சொந்தக் கார் வைத்திருக்கின்றன. அவற்றுள் பல, கைமாறி வந்த பழைய கார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதும், நோயுற்றவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் அந்தக் காரே. ஆகவே, அதன் பிரேக் நன்னிலையில் இருப்பது குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்பாகும்.

பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது என்று பட்டறைக்குச் செல்கிறோம். தட்டு தேய்ந்துவிட்டது என்று கூறிப் புதிய தட்டைப் பூட்டுகிறார்கள். சில மாதங்களில் மீண்டும் அதே நடுக்கம்! உழைத்துச் சேர்த்த பணம் வீணாகிறது. காரணம் என்ன? தேய்ந்த பொருளை மாற்றினோம்; தேயவைத்த குறையை நீக்கவில்லை. பால்மரத்தின் பட்டையில் காயம் கண்டால் நாம் மரத்தைக் குறை கூறுவதில்லை. உளியையும் வெட்டிய கையையும் அல்லவா பார்க்கிறோம்? பிரேக்குக்கும் அதே முறைதான் பொருந்தும்.

1985ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா முதலாக, நம் நாட்டில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் முன் சக்கரங்களுக்குத் தட்டு பிரேக் அமைந்துள்ளது. சக்கரத்தோடு சேர்ந்து இரும்புத் தட்டு சுழல்கிறது. அதன் இருபுறமும் இரண்டு பேடுகள் உள்ளன. அவற்றைத் தாங்கும் கேலிப்பரில் பெரும்பாலும் ஒரே ஒரு பிஸ்டன்தான் உண்டு. பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் உட்புறப் பேடைத் தட்டின்மீது அழுத்தும். உடனே கேலிப்பர் இரண்டு ஊசிகளின்மேல் நகர்ந்து வெளிப்புறப் பேடையும் இழுத்து அழுத்தும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு காசை இறுகப் பிடிப்பது போன்றது இது. ஒரு விரல் அசையாவிடில் பிடி சமமாக இருக்குமா?

இனி, குறையைக் கண்டறியும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, இரண்டு பேடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உட்புறப் பேடு மிகவும் தேய்ந்தும் வெளிப்புறப் பேடு கனமாகவும் இருந்தால், கேலிப்பர் ஊசிகள் இறுகியிருக்கலாம். அல்லது பிஸ்டன் பின்வாங்காமல் சிக்கியிருக்கலாம். பேடு ஒரு முனையில் மட்டும் தேய்ந்து சரிவாக இருந்தால், ஓர் ஊசி மட்டும் சிக்கியிருக்கக்கூடும். செம்மண் சாலையின் சேறும் மழைநீரும் கிழிந்த ரப்பர் உறை வழியே உட்புகுந்து ஊசிகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன.

இரண்டாவது, சிறிது தூரம் ஓட்டி நிறுத்திய பின், சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு சென்று சூட்டை ஒப்பிடுங்கள். தட்டைத் தொடாதீர்கள்; கை வெந்துவிடும். ஒரு முன்சக்கரம் மட்டும் மிகுந்த வெப்பத்தோடு கருகிய வாடை வீசினால், அங்கே பிரேக் விடுபடாமல் உரசுகிறது என அறியலாம்.

மூன்றாவது, தட்டின் கனத்தை மைக்ரோமீட்டர் கொண்டு எட்டு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு வேறுபட்டாலே நடுக்கம் தோன்றும்; இது நாம் எழுதும் தாளின் கனத்தைவிடக் குறைவு. இதற்குப் பெரும்பாலும் காரணம், தட்டும் சக்கரக் குடமும் சேரும் இடத்திலுள்ள துருவே. சிறு துரு மணி சிக்கினாலும் புதிய தட்டு சாய்ந்து அமரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி, நாளடைவில் மெலியும். புதிய தட்டும் சில மாதங்களில் நடுங்குவதன் மர்மம் இதுதான்.

பரிகாரம் யாது? ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென விற்கப்படும் கிரீசைப் பூசி, கிழிந்த உறைகளை மாற்ற வேண்டும். சாதாரண கிரீசைப் பூசலாகாது. மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும் என்பதை ரப்பரோடு வாழும் நமக்குச் சொல்லவும் வேண்டுமோ? பிரேக்கிலுள்ள செயற்கை ரப்பரும் அவ்வாறே கெடும். குடத்தின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருநீங்கத் தேய்த்த பின்னரே தட்டைப் பூட்ட வேண்டும். சக்கர நட்டுகளை எதிரெதிராக, கார்க் கையேடு கூறும் அளவுக்குச் சமமாக இறுக்க வேண்டும். தட்டில் பொறித்துள்ள குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே தேய்ந்த தட்டைக் கடைந்து பயன்படுத்தக் கூடாது. தட்டுகளையும் பேடுகளையும் இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுக.

தாமே வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் செல்லாதீர்கள். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளை வையுங்கள். கேலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பழைய பேடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். எனவே தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்த பின்னரே காரை நகர்த்துங்கள். பிஸ்டன் சிக்கியிருந்தாலோ, பிரேக் எண்ணெய் கசிந்தாலோ, கைதேர்ந்த பட்டறையிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

பட்டறைக்குச் செல்லும்போது, “தட்டை மாற்றுங்கள்” என்று மட்டும் கூறாதீர்கள். “ஊசிகள் நகர்கின்றனவா? பிஸ்டன் எளிதில் உள்ளே செல்கிறதா? குடத்தில் துரு நீக்கப்பட்டதா?” என்று கேளுங்கள். கழற்றிய பேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது நமது உரிமை. இம்மூன்று கேள்விகளும் நம் பணத்தைக் காக்கும். நம் பிள்ளைகளின் உயிரையும் காக்கும்.