பத்து நிமிடம் சும்மா பாருங்கள்



சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே வானம் இல்லை. குருவி இல்லை. பாறை சுடும். அங்கே வேலை செய்தவர்கள் முதலில் மேல்பாறையைக் கம்பியால் தட்டுவார்கள். காது கொடுத்துக் கேட்பார்கள். கணீரென்றால் பாறை கெட்டி. காலிப் பானை போலக் கேட்டால் பாறை விட்டிருக்கிறது, விலக வேண்டும். அந்த நேரம் கடன் நினைவு வந்தால் உயிர் போகும். மனதை ஓரிடத்தில் நிறுத்துவது இந்த ஊருக்குப் புதிதா என்ன?

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பலருக்குப் பெங்களூர் ரயில்தான் பிழைப்பு. விடியுமுன் போய், இருட்டிய பின் திரும்புகிறார்கள். வட்டி, வாடகை, பிள்ளைகள் படிப்பு என்று மனமும் ஓடுகிறது.

சாம்பியன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும் பத்து நிமிடம் போதும். பெண்களுக்குக் குழாயடி வரிசை. பக்கத்து மரத்தைப் பாருங்கள். எந்தக் கிளை முதலில் ஆடுகிறது? எறும்பு எங்கே போகிறது? காக்கை எந்தப் பக்கம் கரைகிறது? மூச்சு வந்து போவது தெரிகிறதா? நடுவில் வட்டிக்காரர் நினைவு வரும். வரட்டும். மனதைத் திட்ட வேண்டாம். மறுபடி எறும்பைப் பாருங்கள்.

இதனால் வட்டி குறையாது. பல நாள் தூக்கமே இல்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

காற்றடிக்கும் நாளில் சயனைடு மண்மேட்டுப் பக்கம் போகாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. மழை விட்ட மறுநாள் தூரத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் அறுத்த கோடுகள் மேட்டில் தெரியும். எத்தனை என்று எண்ணுங்கள்.