இருவர் நடந்த வழிகள்



பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் அமைந்த இச்சென்னீர்குப்பத்தைச் சுற்றிலும் வழிநடந்தோரின் நினைவு நிறைந்திருக்கிறது. தெற்கே குன்றத்தூர், அடியார்களை ஊர் ஊராக நடத்திக் காட்டிய சேக்கிழார் பிறந்த மண். பூவிருந்தவல்லி, காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பிகளின் ஊர். அங்கிருந்து திருமழிசை வழியாகக் காஞ்சியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் எத்தனை கால்கள் நடந்திருக்கும் என்று கணக்கிட எவராலும் இயலாது. இந்த அவையில் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் நடைதான். ஒரு கணவரும் மனைவியும் இப்பரந்த நாட்டின் வெவ்வேறு நிலங்களில், சில வேளை சேர்ந்தும் பல வேளை தனித்தனியாகவும் நடந்த நடை. காட்சி காணப் போனவர்கள் அல்லர் அவர்கள். காணி கேட்கப் போனவர்கள். சங்கரலிங்கம் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் என்பன அவர்தம் பெயர்கள்.

தமிழ் இலக்கியம் இணையராய் வழிநடந்தோரை அறியாதது அன்று. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மதுரைக்குக் கண்ணகியும் கோவலனும் நடந்ததை இளங்கோவடிகள் விரித்துப் பாடினார். சேக்கிழாரின் காப்பியத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் துணைவியார் மதங்கசூளாமணியாரும் ஞானசம்பந்தரோடு தலந்தோறும் செல்கின்றனர். சாத்தமங்கையில் திருநீலநக்கர் இல்லத்தில் அந்தப் பாணர் இணையருக்கு வேள்விக் குண்டத்தின் அருகே இடம் கிடைத்த செய்தி, பெரியபுராணத்தில் ஓடும் சமூக நினைவுகளுள் மிக ஆழமானது. எனினும் இவையெல்லாம் உடன் சென்ற கதைகள். பிரிந்து செல்லுதல் என்று வரும்போது நம் மரபு வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஓதல், பகை, தூது என்று பிரிவின் காரணங்களைத் தொல்காப்பியர் வகுக்கிறார். பொருள் தேடப் பிரிதலும் உண்டு. செல்பவன் தலைவன், இருப்பவள் தலைவி. கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் வழக்கமில்லை என்று அவரே வரையறுக்கிறார். பாலைத்திணைப் பாடல்களின் பேரழகு பெரும்பாலும் வீட்டில் இருப்பவளின் கண்ணீரிலிருந்து பிறந்தது. அவளும் ஒரு வழியில் நடக்கத் தொடங்கிவிட்டால் அப்பாடல் என்னவாகும் என்ற கேள்வி எழவே இல்லை.

1950 ஆம் ஆண்டு அக்கேள்வி எழுந்தது. ஏட்டில் அன்று, வாழ்க்கையில்.

ஜெகந்நாதன் இராமநாதபுரம் சீமையில் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர். 1930 இல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டு வெளியேறினார். 1942 போராட்டத்தில் சிறை புகுந்தார். கிருஷ்ணம்மாள் திண்டுக்கல் பக்கத்து அய்யன்கோட்டையில் 1926 இல், நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்த குடும்பம் அது. தாய் நாகம்மாளின் உழைப்பும், டாக்டர் சௌந்திரம் அம்மையாரின் ஆதரவும் அவரை மதுரையில் கல்லூரி வரை கொண்டு சேர்த்தன. அய்யன்கோட்டையிலிருந்து மதுரைக்கு மைல் கணக்கில் தொலைவு அதிகமில்லை. ஆயினும் சேரியிலிருந்து கல்லூரி வகுப்பறை வரை ஒரு பெண் அந்நாளில் நடந்த தொலைவை மைல்கல் வைத்து அளக்க முடியாது. இவ்விருவர் பயணங்களுள் நீண்டது எது என்று கேட்டால், பின்னாளில் வட இந்தியாவில் ஜெகந்நாதன் நடந்ததைக் காட்டிலும் இதனையே முதலில் சொல்ல வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற பின்னரே மணம் என்று இருவரும் காத்திருந்தனர். 1950 இல் சாதி கடந்த அத்திருமணம் நடந்தது. மணமான சிறிது காலத்திலேயே பிரிவும் வந்தது. ஜெகந்நாதன் வடக்கே வினோபா பாவேயின் நடைப்பயணத்தில் சேரச் சென்றார். கிருஷ்ணம்மாள் ஆசிரியப் பயிற்சி பெறச் சென்னைக்கு வந்தார். இங்கே கவிஞர்கள் சற்று நிற்க வேண்டும். தொல்காப்பியர் தலைவனுக்கு உரைத்த ஓதற்பிரிவு, இங்கே தலைவிக்கு உரியதாயிற்று. தலைவன் போனதும் பொருளுக்காக அன்று, நிலமற்றோரின் தூதாக. வீட்டில் இருந்து வழி பார்த்தவர் என்று இருவரில் ஒருவரையும் சொல்ல இயலாது. பார்ப்பதற்கு வீடே இல்லை.

வடக்கில் நடந்தது என்ன என்பதை இளைய உறுப்பினர்களுக்காகச் சிறிது விரித்துரைக்கலாம். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவில் நல்கொண்டா மாவட்டத்துப் போச்சம்பள்ளியில், தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களுக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்று வினோபாவிடம் கேட்டனர். அவர் ஊராரை நோக்கித் தர இயலுமா என்று வினவ, இராமச்சந்திர ரெட்டி என்ற நிலவுடைமையாளர் 100 ஏக்கர் தருவதாக எழுந்து நின்றார். பூதானம் அங்கே பிறந்தது. ஆயுதப் போராட்டமும் அரசின் அடக்குமுறையும் மோதிக்கொண்டிருந்த மண்ணில் அது பிறந்தது என்பதை மறந்தால் அந்த 100 ஏக்கரின் பொருள் விளங்காது. வினோபா பிறகு தில்லி வரை நடந்தார். 1952 இல் உத்தரப் பிரதேசத்தில் ஊர் ஊராக நடந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் பீகாருக்குள் சென்றார். விடியுமுன் இருளில் புறப்பாடு, நாளுக்கு ஒரு புதிய ஊர், மாலையில் கூட்டம், ஆறில் ஒரு பங்கு நிலத்தை நிலமற்றவனுக்குக் கொடு என்ற ஒரே வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஐந்து மக்கள் இருந்தால் என்னை ஆறாவது மகனாகக் கொள்ளுங்கள் என்பது அவர் முன்வைத்த வாதத்தின் சாரம். அந்நடையில் ஏறத்தாழ இரண்டாண்டுகளைக் கழித்துவிட்டுத் தமிழ்நாட்டிற்குத் திரும்பிய ஜெகந்நாதன் இங்கே பூதான இயக்கத்தை முன்னின்று நடத்தினார். பயிற்சியை முடித்த கிருஷ்ணம்மாள் நிலையான ஆசிரியப் பணியைத் தேடிப் போகாமல் அதே இயக்கத்தில் இறங்கினார்.

வினோபாவைப் பற்றி இலக்கிய வட்டத்தில் ஒன்று சொல்லாமல் விட முடியாது. விடுதலைப் போராட்டக் காலத்தில் வேலூர்ச் சிறையில் இருந்தபோது தமிழ் உள்ளிட்ட தென்மொழிகள் நான்கையும் அவர் கற்றார். தமிழ்நாட்டில் நடந்தபோது குறளும் ஆழ்வார் பாசுரமும் திருவாசகமும் அவருக்கு அயல் நூல்களாக இருக்கவில்லை. நிலம் கேட்டு வந்தவர் மொழியை முன்னரே பெற்றுக்கொண்டு வந்தார். அகில இந்திய சர்வோதய மாநாடு 1956 மே மாதம் காஞ்சிபுரத்தில் நடைபெற்றது. இந்த ஊருக்கு அருகே செல்லும் அந்த நெடுஞ்சாலையின் மறுமுனையில், நம்பிகள் ஆலவட்டம் வீசிய நகரில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஊழியர்கள் கூடினர். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வினோபா தமிழ் மாவட்டங்களில் நடந்து, 1957 இல் கேரளத்துக்குள் சென்றார். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அக்காலத்தும் அதன் பின்னும் ஊர் ஊராக அலைந்தனர்.

பூதானத்தைப் போற்றிப் பேசுவது எளிது. ஆனால் புகழுரையாக மட்டும் நிறுத்தினால் அவ்விருவர்க்கும் அநீதி செய்ததாகும். நாடெங்கும் ஏறத்தாழ 40 இலட்சம் ஏக்கர் தானமாக அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி உழவனின் கைக்கு வந்து சேரவில்லை. சில நிலங்கள் வழக்கில் கிடந்தன. சில வெறும் கல்லும் கரம்புமாக இருந்தன. சில தாளில் மட்டும் இருந்தன. கொடுத்தவரின் பிள்ளைகள் பின்னர் மறுத்ததும் உண்டு. கிடைத்த நிலத்திலும் கிணறு வேண்டும், மாடு வேண்டும், விதைக்கு முதல் வேண்டும். பாலை நிலத்தைக் கடந்து போவது தலைவனின் வீரம் என்று பாடிப் பழகிய நமக்கு, பாலை நிலத்தையே பங்காகப் பெற்றவனின் நிலை புரியச் சற்று நேரம் ஆகிறது. தானமாக வந்த தரிசைப் பயிர் நிலமாக்கும் நோக்குடன் 1960களின் இறுதியில் சர்வ சேவா பண்ணைகள் தொடங்கப்பட்டதன் பின்னணி இதுவே. நடை மட்டும் போதாது என்பதை நடந்தவர்களே முதலில் அறிந்துகொண்டனர்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியோர். கூலி உயர்வு கேட்டதன் விலை அது. அச்செய்திக்குப் பின் இவ்விருவரின் வழிகளும் கீழத் தஞ்சையை நோக்கித் திரும்பின. மேட்டு நிலத்து ஊர்களில் பணி செய்தவர்களுக்கு அது வேறு உலகம். மருதத்திணைப் பாடல்களில் தாமரைப் பொய்கை உண்டு, வாளை பாயும் வயல் உண்டு, எருமை உண்டு, களமர் ஆரவாரமும் உண்டு. அவ்வயல் யாருடையது என்று எந்தத் தோழியும் கேட்டதில்லை. தலைவன் பரத்தையிடம் போனதைத்தான் கேட்டாள். கிருஷ்ணம்மாள் கேட்டது நிலத்தின் உரிமையை. கோயிலின் பெயரிலும் அறக்கட்டளையின் பெயரிலும் ஒரு சிலர் பிடிக்குள் நிலம் இருந்த வலிவலத்தில் 1970களின் தொடக்கத்தில் நடந்த சத்தியாக்கிரகம் அக்கேள்வியின் முதற் பெரும் வடிவம். யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும் இரவு தங்கிய சாத்தமங்கை அதே நாகை வட்டாரத்து ஊர்தான். சேக்கிழார் ஓர் இரவுக்கு வீட்டின் நடுவில் இடம் தந்தார். இந்த அம்மையார் காலத்துக்கும் வயலின் நடுவில் இடம் கேட்டார்.

மீண்டும் பிரிவு. 1970களின் நடுவில் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் எழுப்பிய இயக்கம் ஜெகந்நாதனை வடக்கே இழுத்தது. புத்தர் ஞானம் பெற்ற போத்கயாவில், சைவ மடம் ஒன்றின் கையில் இருந்த பெரும் நிலப்பரப்பில் உழைத்த நிலமற்ற மக்களிடையே அவர் பணி செய்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் சிறையும் கண்டார். அந்நிலப் போராட்டத்தைப் பின்னர் அங்கிருந்த இளைஞர் அமைப்பினர் பெரிதாக வளர்த்தெடுத்தனர். 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள சில ஊர்களில் பெண்கள் தங்கள் பெயரிலேயே பட்டா வேண்டுமென்று நின்று பெற்றனர். கணவன் பெயரில் நிலம் வந்தால் அது கள்ளுக்கடைக்குப் போகும் என்பதை அவர்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

அதே காலத்தில், நாட்டின் இம்முனையில், 1981 இல் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். லாப்டி என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்பட்டது. தானம் கேட்பதிலிருந்து விலை பேசுவதற்கு அவர்கள் வந்திருந்தனர். நிலத்தை விற்க முன்வரும் உடைமையாளரோடு பேசி விலையை முடிவு செய்வது, வங்கிக் கடனும் அரசு உதவியும் பெறுவது, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் அளவில் பெண்ணின் பெயரில் பதிவு செய்வது, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது என்பது முறை. கவிதைக்கு ஏற்ற பொருளாகத் தோன்றாத வேலை இது. வங்கி மேலாளரின் அறை வாயிலில் காத்திருப்பதையும் பத்திரப் பதிவு அலுவலகத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதையும் எந்தத் திணையில் சேர்ப்பது? ஆனால் பதினாயிரம் ஏக்கருக்கு மேல் கைமாறியது இவ்வழியில்தான். போச்சம்பள்ளியின் 100 ஏக்கரில் இருந்த மின்னல் இதில் இல்லை, மழை இருந்தது.

1990களில் கடலோர வயல்களை இறால் பண்ணைகள் விழுங்கத் தொடங்கியபோது, முதுமையில் இருந்த ஜெகந்நாதன் மறுபடியும் நடந்தார். இம்முறை வேற்று மாநிலத்தில் அன்று, உப்பேறிய சொந்தக் கடற்கரையில். குடிநீர்க் கிணறும் நெல்வயலும் உவர்த்துப்போன ஊர்களின் முறையீடு அவர் பெயரால் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது என்று கட்டளையிட்டது. சட்டக் கல்லூரிகளில் அவ்வழக்கு அவர் பெயராலேயே படிக்கப்படுகிறது. தீர்ப்பு நடைமுறைக்கு வந்த விதம் வேறு கதை. பின்னர் வந்த சட்டங்கள் அதன் கூர்மையைப் பெரிதும் மழுக்கின.

இவ்விருவர் பயணத்தை எழுதியவர்கள் உண்டு. இத்தாலியப் பெண்மணி லாரா கோப்போ அவர்களோடு பேசி எழுதிய நூல் தமிழிலும் வந்துள்ளது. அயல் நாட்டிலிருந்து ஒருவர் வந்து கேட்டு எழுத வேண்டியிருந்தது என்பது தமிழ்ப் படைப்பாளிகளுக்குப் பெருமை தருவதன்று. கேட்டிருந்தால் அக்கதை நமக்கும் கிடைத்திருக்கும். கூத்தூருக்குப் பேருந்து உண்டு.

2008 இல் மாற்று நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருது இருவர் பெயரிலும் சேர்த்து வழங்கப்பட்டது. பல பத்தாண்டுகள் வெவ்வேறு வழிகளில் நடந்த இரு பெயர்கள் அந்தப் பட்டயத்தில் அடுத்தடுத்து நின்றன. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரி 12 அன்று காந்திகிராமத்தில் மறைந்தார். தலைவன் மீளாத அப்பிரிவிற்குப் பின்னும் கிருஷ்ணம்மாள் கீழத் தஞ்சை ஊர்களுக்குப் போய்வருவதை நிறுத்தவில்லை. நிலம் பெற்ற பெண்களுக்கு மழையில் கரையும் மண்சுவர்க் குடிசைக்குப் பதிலாகச் செங்கல் வீடு வேண்டும் என்பது அவர் கையில் எடுத்த வேலை. 2020 இல் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 93.