ஃபாலோ சூட்: ஒரு சீட்டாட்டப் பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றார்கள். நான் ரெண்டே ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றிப் பேசுகிறேன்: 'ஃபாலோ சூட்'. ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவரும் செய்வது என்று பொருள். இந்த ரெண்டு வார்த்தையால் ஒரு ராத்திரி உற்பத்தியே நின்றது. எழுதியவன் அடியேன்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். இரண்டு கூலிங் வாட்டர் லைன்கள். முதல் லைனில் பிரஷரை 6 பாரிலிருந்து 4 ஆகக் குறைத்தேன். இரண்டாவது லைன் 9 பாரில் ஓடுவது; அதிலும் 2 பார் குறைத்தால் போதும். ஷிஃப்ட் நோட்டில், 'முதல் லைன் 4 பார். இரண்டாவது லைன் ஃபாலோ சூட்' என்று ஸ்டைலாக எழுதிவிட்டு ரூமுக்குப் போய்விட்டேன். நைட் ஷிஃப்டில் அதையும் 4 ஆக்கிவிட்டார்கள். மெஷின்கள் ட்ரிப்! காலையில் ஆபரேட்டர் கேட்டார்: "நீங்க செஞ்ச மாதிரியே செய்யச் சொன்னீங்க, செஞ்சேன். என்ன தப்பு சார்?" வாயடைத்து நின்றேன்.

பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். 'சூட்' என்பது கோட்டு சூட்டு அல்ல. ஸ்பேடு, ஹார்ட்டின், டைமண்ட், கிளாவர் என்ற சீட்டு வகை. ஹாஸ்டலில் இருபத்தெட்டு ஆடியவர்களுக்குத் தெரியும், முதல் ஆள் ஹார்ட்டின் இறக்கினால் நாமும் ஹார்ட்டின்தான் இறக்க வேண்டும். வகைதான் அதே, எண் நம் இஷ்டம். நான் எழுதாமல் விட்டது அந்த எண்ணைத்தான்.

தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'ஈ' சேர்த்தால் அது ஹோட்டல் அறை. நடுவில் 'த' போடக்கூடாது, 'சூட்ஸ்' என்று பன்மையும் ஆக்கக்கூடாது. 'ஃபாலோ சூட் அவர் மெத்தட்' என்பதும் தவறு. பின்னால் நேரடியாக ஒரு பெயர்ச்சொல்லை ஒட்டவைக்க முடியாது. ஒரு வங்கி வட்டியைக் குறைத்தது, மற்றவை 'ஃபாலோடு சூட்': இது சரி. முன்னால் ஒருவர் ஒன்றைச் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணும் அளவும் உள்ள இடத்தில் இந்தச் சொல்லே வேண்டாம். '7 பார்' என்று எழுதுங்கள்.

ஆட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. அந்த வகைச் சீட்டு கையில் இருந்தால்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் வேறு சீட்டு இறக்கலாம், துருப்பு வைத்து வெட்டவும் செய்யலாம். சீனியர் அமெரிக்கா போனார், ரூம்மேட் சாஃப்ட்வேருக்குப் போனான் என்று நீங்களும் கிளம்புமுன், உங்கள் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.